செலினியம் நின்ற இடங்கள்

சிகாகோவில் தாட்வொர்க்ஸ் என்றொரு மென்பொருள் ஆலோசனை நிறுவனம். அதன் ஊழியர்கள் வேலை நேரத்தையும் பயணச் செலவையும் பதிவு செய்ய உள்ளுக்குள் ஒரு வெப் அப்ளிகேஷன் வைத்திருந்தார்கள். பைத்தான் மொழியில், ப்ளோன் என்ற கட்டமைப்பின் மேல் எழுதியது. 2004இல் அதில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் ஜேசன் ஹக்கின்ஸ். உலகம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரே கதி என்று கிடந்த நேரம். தாட்வொர்க்ஸ்காரர்கள் பலர் மட்டும் மொஸில்லா வகையறாக்களை வைத்திருந்தார்கள். செலவுக் கணக்குப் பக்கம் தங்கள் பிரவுசரில் சரியாக ஓடாவிட்டால் கையோடு பக் ரிப்போர்ட் போட்டுவிடுவார்கள். பக் போடுபவரும் புரோகிராமர் என்றால் சாக்குப்போக்கு எதுவும் எடுபடாது.

ஒரு பிரவுசரில் சரி செய்தால் இன்னொன்றில் உடைகிறது. எதைத் தொட்டாலும் எல்லா பிரவுசரையும் திறந்து, அதே படிவத்தை அதே மாதிரி நிரப்பி, அதே பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். இந்த வேலைக்கென்று விற்பனையில் கருவிகள் இருந்தன. மெர்குரி இன்டராக்டிவ் நிறுவனத்தின் வின்ரன்னரும் குவிக்டெஸ்ட்டும்தான் சந்தையின் ராஜாக்கள். அவற்றின் லைசென்ஸ் விலை, நிறுவனத்தின் உள் உபயோகத்துக்கான ஒரு சின்ன அப்ளிகேஷனின் மொத்த பட்ஜெட்டையும் விழுங்கிவிடும். இலவசமாகக் கிடைத்தவற்றில் சில எக்ஸ்ப்ளோரரை மட்டும் ஓட்டின. எச்டிடிபியூனிட் போன்றவை பிரவுசரே இல்லாமல் பிரவுசர் வேஷம் கட்டின. பக்கம் முழுக்க ஜாவாஸ்கிரிப்ட் இருந்தால் அந்த வேஷம் கலைந்துவிடும்.

ஹக்கின்ஸ் கண்ட வழி எளிமையானது. எல்லா பிரவுசருக்கும் பொதுவாக இருப்பது ஜாவாஸ்கிரிப்ட். அப்படியானால் சோதிப்பவனையே ஜாவாஸ்கிரிப்டில் எழுதிப் பக்கத்துக்குள் அனுப்பிவிடலாம். முதலில் அதற்கு வைத்த பெயர் ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட்ரன்னர். பால் க்ரோஸ், ஜீ டினா வாங் என்ற சக ஊழியர்கள் கைகொடுத்தார்கள். செலினியம் என்ற பெயர் ஒரு கிண்டலில் வந்தது. மெர்குரி என்றால் பாதரசம். பாதரச நச்சுக்குச் செலினியச் சத்து மாற்று என்று சொல்வார்கள். போட்டி நிறுவனத்தின் பெயரை வைத்து ஹக்கின்ஸ் ஒரு மின்னஞ்சலில் இப்படி நக்கலடித்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்த மெர்குரியை 2006இல் ஹெச்பி ஏறக்குறைய 450 கோடி டாலருக்கு வாங்கியது. பிறகு அந்தச் சரக்கு மைக்ரோ ஃபோக்கஸ் கைக்கும், 2023இல் ஓப்பன்டெக்ஸ்ட் கைக்கும் போனது. செலினியத்தை யாரும் வாங்கவில்லை, வாங்கவும் முடியாது. தொடக்கத்திலேயே அது அப்பாச்சி 2 உரிமத்தில் இலவசமாக வெளிவந்துவிட்டது.

செலினியத்தின் கதையை அதன் வெர்ஷன் எண்களை வைத்துச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரவுசரை ஓட்டுபவன் எங்கே நின்று ஓட்டுகிறான் என்பதுதான் இந்தக் கருவியின் உண்மையான வரலாறு. முதலில் பக்கத்துக்குள் நின்றான். பிறகு வழியில் நின்றான். பிறகு பிரவுசருக்கு வெளியே வந்தான். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் ஒரு காரணம் இருந்தது.

முதல் செலினியத்தில் ஒரு டெஸ்ட் என்பது ஓர் எச்டிஎம்எல் அட்டவணை. மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் கட்டளை: திற, டைப் செய், கிளிக் செய், சரிபார். இரண்டாவதில் எந்தப் பெட்டி, எந்தப் பட்டன் என்ற அடையாளம். மூன்றாவதில் தேவைப்பட்டால் ஒரு மதிப்பு. வார்ட் கன்னிங்ஹாமின் ஃபிட் என்ற கருவியிலிருந்து எடுத்துக்கொண்ட யோசனை இது. புரோகிராமிங் அதிகம் தெரியாதவரும் எழுதலாம். ஓட்டினால் வரிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகும், தப்பினால் சிவப்பாகும். கீழே அப்ளிகேஷன் தானாகவே நிரம்பிக்கொண்டிருக்கும். அந்தக் காட்சிதான் கருவியை ஆபீஸ் முழுக்கப் பரப்பியது.

பக்கத்துக்குள் நின்றதால் வந்த வினையும் உடனே தெரிந்தது. ஒரு தளத்திலிருந்து வந்த ஜாவாஸ்கிரிப்ட் இன்னொரு தளத்தின் பக்கத்தைத் தொடக் கூடாது என்பது பிரவுசரின் பாதுகாப்பு விதி. அந்த விதி இல்லையென்றால், நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஏதோ ஒரு விளம்பரப் பக்கம் பக்கத்து டேபில் உள்ள உங்கள் வங்கிக் கணக்கைப் படித்துவிடும். நல்ல விதிதான். ஆனால் அதன்படி செலினியமும் வேற்றாள். ஆகவே சோதிக்க வேண்டிய அப்ளிகேஷன் எந்த சர்வரில் இருக்கிறதோ அதே சர்வரில் செலினியத்தையும் டெஸ்டுகளையும் கொண்டுபோய் வைத்தாக வேண்டும். சொந்த வீட்டுச் செலவுக் கணக்குக்கு இது ஒத்துவரும். வாடிக்கையாளரின் சர்வரில் இதை வைக்க எவர் அனுமதிப்பார்?

வேறு குறைகளும் இருந்தன. கோப்பு ஏற்றும் பெட்டியில் பாதையை நிரப்ப ஜாவாஸ்கிரிப்டுக்கு அனுமதி கிடையாது. ஆகவே ரெஸ்யூமே ஏற்றும் பக்கத்தைச் சோதிக்க முடியாது. பக்கம் ஓர் அலர்ட் காட்டினால் எல்லாம் நின்றுபோகும் என்பதால் அலர்ட் வேலையையே செலினியம் தானே எடுத்துக்கொண்டு, பெட்டி திரையில் வராமல் பார்த்துக்கொண்டது. அதாவது பயனர் பார்ப்பதை டெஸ்ட் பார்க்கவில்லை.

அடுத்த இடம், பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவழி. தாட்வொர்க்ஸின் இன்னொரு ஊழியரான பால் ஹேமன்ட் முதல் டெமோவைப் பார்த்தபோதே, ஜாவா, ரூபி, பைத்தான் என்று எந்த மொழியிலிருந்தும் கம்பி வழியாகச் செலினியத்தை ஓட்டும் முறையைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார். டான் ஃபேபுலிச், நெல்சன் ஸ்ப்ரோல், பாட் லைட்பாடி ஆகியோரின் உழைப்பில் அது ப்ராக்ஸி ஒன்றின் வடிவம் பெற்றது. அதுதான் செலினியம் ரிமோட் கன்ட்ரோல், சுருக்கமாக ஆர்சி. பிரவுசர் கேட்பதெல்லாம் இந்த ப்ராக்ஸி வழியாகத்தான் போகும். செலினியத்தின் கோப்புகளை ப்ராக்ஸி இடையில் செருகும்போது, அவையும் சோதிக்கப்படும் தளத்திலிருந்தே வந்தவை என்று பிரவுசர் நம்பிவிடும். 4444 என்ற போர்ட் எண் அந்த சர்வரோடு வந்தது. டெஸ்டுகளைப் பல கணினிகளில் பகிர்ந்து ஓட்டும் செலினியம் கிரிட் இன்றைக்கும் அதே எண்ணில்தான் காத்திருக்கிறது.

இதே காலத்தில் ஜப்பானிலிருந்து ஷின்யா கசாதானி என்பவர் செலினியத்தை ஃபயர்ஃபாக்ஸுக்குள் ஒரு நீட்சியாக ஏற்றினார். பட்டனை அழுத்திவிட்டு நீங்கள் செய்வதையெல்லாம் அது பதிந்துகொள்ளும், திரும்ப ஓட்டிக்காட்டும். அதுதான் செலினியம் ஐடிஇ. நம் ஊர்ப் பயிற்சி மையங்களில் முதல் நாள் காட்டும் வித்தை அதுவாகவே நெடுங்காலம் இருந்தது. 2017இல் ஃபயர்ஃபாக்ஸ் பழைய நீட்சி முறையைக் கைவிட்டுக்கொண்டிருந்தபோது, 55ஆம் வெர்ஷனோடு அது படுத்துவிட்டது. பிறகு புதிதாக எழுத வேண்டியதாயிற்று. பதிவு செய்த டெஸ்டை அப்படியே புராஜெக்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பியவர்கள், பக்கத்தில் ஒரு பட்டன் இடம் மாறியதும் பாடம் கற்றார்கள்.

இங்கே இன்னொரு ஓட்டத்தைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் செலினியம் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது என்பது விளங்காது. ஆளுக்கொரு மூலையில் மாதக்கணக்கில் கோட் எழுதி, கடைசியில் ஒன்றாகக் கோக்கும்போது எல்லாம் சிதறுவது பழைய நோய். அதற்குக் கென்ட் பெக் முதலானோர் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற பெயரில் சொன்ன மருந்துகளில் ஒன்று, கோட்டை ஒரு நாளிலேயே பலமுறை கோத்துவிடுவது. தாட்வொர்க்ஸின் மார்ட்டின் ஃபவுலர் 2000இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பரவலாகப் படிக்கப்பட்டது. 2001இல் அதே நிறுவனத்திலிருந்து குரூஸ்கன்ட்ரோல் வந்தது. யாராவது கோட் கமிட் செய்தார்களா என்று கண்காணித்து, செய்திருந்தால் எடுத்து பில்ட் செய்து, டெஸ்டுகளை ஓட்டி, உடைந்தால் மெயில் அனுப்பும் சர்வர் அது. மெயில் போதாது என்று சில அலுவலகங்களில் சிவப்பும் பச்சையுமாக லாவா விளக்குகளை அதோடு இணைத்து வைத்தார்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் கோசுகே கவாகுச்சி எழுதிய ஹட்சன் அதைப் பின்னுக்குத் தள்ளியது. சன்னை ஆரக்கிள் வாங்கிய பிறகு பெயருக்குச் சண்டை வந்து, 2011இல் ஹட்சனிலிருந்து பிரிந்ததுதான் இன்றைக்குப் பல கம்பெனிகளில் ஓடும் ஜென்கின்ஸ்.

கமிட்டுக்குக் கமிட் பில்ட் நடக்கிறது என்றால், கமிட்டுக்குக் கமிட் ஆளை உட்காரவைத்துப் பக்கங்களைக் கிளிக் செய்யச் சொல்ல முடியாது. செலினியத்துக்கு வேலை அங்கேதான் கிடைத்தது. பில்ட் சர்வருக்கோ மானிட்டர் இல்லை. அன்று திரை இல்லாமல் ஃபயர்ஃபாக்ஸ் எழும்பாது. அதனால் லினக்ஸில் எக்ஸ்விஎஃப்பி என்ற பொய்த்திரையை முதலில் கிளப்பி, அதன்மேல் பிரவுசரை ஓட்டினார்கள். டெஸ்ட் தப்பினால் ஒரு ஸ்கிரீன்ஷாட் விழும். யாரும் பார்க்காத திரையின் படத்தைக் காலையில் டெஸ்டர் திறந்து பார்த்து, தப்பு எங்கே என்று துப்பறிவார். குரோம் 2017இல் தானாகவே திரையில்லாமல் ஓடக் கற்றுக்கொண்டது. அதுவரை அந்த இடத்தை நிரப்பிய ஃபான்டம்ஜேஎஸ்ஸின் பராமரிப்பாளர், செய்தி வந்ததும் இனி இதற்குத் தேவையில்லை என்று விலகிக்கொண்டார். மென்பொருள் உலகில் இவ்வளவு நாகரிகமான ஓய்வுபெறுதல் அரிது.

மூன்றாவது இடத்துக்கு வருவோம். 2007 தொடக்கத்தில், அதுவும் தாட்வொர்க்ஸில்தான், சைமன் ஸ்டீவர்ட் என்பவர் வெப்டிரைவர் என்ற வேறொரு கருவியை வெளியிட்டார். அவர் பக்கத்துக்குள்ளும் போகவில்லை, வழியிலும் நிற்கவில்லை. எக்ஸ்ப்ளோரரை விண்டோஸ் தரும் வழியாகவும், ஃபயர்ஃபாக்ஸை அதன் நீட்சி வழியாகவும், ஒவ்வொரு பிரவுசரையும் அதற்கு இயல்பான வழியில் வெளியே நின்று ஓட்டினார்.

இதன் வித்தியாசம் ஒரே ஒரு கிளிக்கில் தெரியும். பழைய செலினியம் கிளிக் செய்வது என்றால், 'உன்னைக் கிளிக் செய்தாகிவிட்டது' என்று பட்டனுக்கு ஜாவாஸ்கிரிப்டில் செய்தி அனுப்புவதுதான். பட்டன் மேல் குக்கி அனுமதி கேட்கும் பட்டை மறைத்துக்கொண்டு கிடந்தாலும் செய்தி போய்ச் சேரும், டெஸ்ட் பாஸ் ஆகும். உண்மையான பயனரோ அந்தப் பட்டையை அழுத்திக்கொண்டு திட்டிக்கொண்டிருப்பார். வெப்டிரைவர் வழி வேறு. இன்றைய தரநிர்ணயத்தின்படி, முதலில் பட்டன் கண்ணில் படும்வரை பக்கத்தை உருட்ட வேண்டும். பட்டனின் தெரிகிற பகுதிக்கு நடுப்புள்ளியைக் கணக்கிட வேண்டும். அந்தப் புள்ளியில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது எது என்று பார்க்க வேண்டும். வேறொன்று மறைத்திருந்தால் 'கிளிக் இடைமறிக்கப்பட்டது' என்று பிழையைத் திருப்பியனுப்ப வேண்டும். இல்லையென்றால் சுட்டியை அங்கே நகர்த்தி, அழுத்தி, விட வேண்டும். இந்தப் பிழைச் செய்தியைக் கண்டு எரிச்சல்பட்டு, ஜாவாஸ்கிரிப்ட் கிளிக்கைச் செருகி டெஸ்டைப் பச்சையாக்கும் வழக்கம் எல்லா டீமிலும் உண்டு. அது 2004க்குத் திரும்பிப் போவது.

கோப்பு ஏற்றும் சிக்கலும் இதிலேயே தீர்ந்தது. வெளியே நிற்பவனுக்கு ஜாவாஸ்கிரிப்டின் தடை கிடையாது. பாதையைப் பெட்டிக்குள் டைப் செய்தால் போதும்.

இரண்டுக்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள். செலினியத்துக்குக் கூட்டமும் நிறைய பிரவுசர்களும். வெப்டிரைவருக்குச் சுத்தமான அமைப்பு. 2009இல் இரண்டும் இணைவதாக அறிவித்தார்கள். ஹக்கின்ஸும் ஸ்டீவர்ட்டும் இதற்குள் கூகுளில் வேலை பார்த்திருந்தார்கள். 2011 ஜூலையில் செலினியம் 2 வந்தது. பெயர் செலினியத்துடையது, உள்ளே உயிர் வெப்டிரைவருடையது. 2016இல் வந்த செலினியம் 3 பழைய ஆர்சியை ஓரங்கட்டியது. ஜாவாஸ்கிரிப்டைப் பக்கத்துக்குள் அனுப்பிய ஹக்கின்ஸின் மூலக் கோட் அத்தோடு விடைபெற்றது.

ஆனால் என் கணக்கில் பெரிய திருப்பம் இவை எதுவுமே இல்லை. பிரவுசர் கம்பெனிகள் பொறுப்பை ஏற்றுக்கொண்டதுதான். அதுவரை பிரவுசர் அப்டேட் ஆகும்போதெல்லாம் செலினியக்காரர்கள் பின்னாலேயே ஓடி ஒட்டுப் போட்டார்கள். பிறகு குரோமை ஓட்டும் இணைப்பு நிரலான டிரைவரைக் குரோம்காரர்களே எழுதத் தொடங்கினார்கள், ஓப்பராவும் தன்னுடையதை எழுதியது, எட்ஜுக்கு மைக்ரோசாஃப்ட், ஃபயர்ஃபாக்ஸுக்கு மொஸில்லாவின் கெக்கோடிரைவர். 2016இல் சஃபாரி 10 டிரைவரை உள்ளேயே வைத்துக்கொண்டு வந்தது. ஆப்பிள் தன் வழக்கப்படி அதற்கு ஒரு சம்பிரதாயமும் சேர்த்தது. முதலில் மெனுவில் போய் அனுமதி கொடுக்க வேண்டும். இயந்திரம் ஓட்டும் ஜன்னலில் முகவரிப் பெட்டி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஓடும்போது மனிதக் கை குறுக்கே வராமல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணாடிப் பலகை மேலே விழும்.

ஸ்டீவர்ட்டும் மொஸில்லாவின் டேவிட் பர்ன்ஸும் தொகுத்த வெப்டிரைவர் ஆவணம் 2018 ஜூன் 5 அன்று டபிள்யூ3சி பரிந்துரை ஆனது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் வகுத்த அதே அமைப்பு. ஒரு நிறுவனத்தின் செலவுக் கணக்குப் பக்கத்தைச் சோதிக்க எழுதிய சரக்கு, 14 ஆண்டில் இணையத்தின் பொது விதியாகிவிட்டது. அந்த விதியில் ஓர் ஒழுக்கமும் உண்டு: இயந்திரம் ஓட்டுகிற பிரவுசர், தன்னை இயந்திரம் ஓட்டுகிறது என்று பக்கம் கேட்டால் ஒப்புக்கொள்ள வேண்டும். டிக்கெட் தளங்கள் போட் எனப்படும் தானியங்கி நிரல்களை வடிகட்டும்போது பார்க்கும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. போட் எழுதுபவர்கள் முதலில் மறைக்கப் பார்ப்பதும் இதைத்தான்.

தமிழில் டைப் செய்யும் டெஸ்ட் எழுதுபவர்களுக்கு இந்த ஆவணத்தில் ஒரு சுவாரசியமான பகுதி இருக்கிறது. 'கி' என்பது யூனிகோடில் ஒரு எழுத்து அல்ல. க என்ற குறியும் இகர விலங்கும் சேர்ந்த இரண்டு. டெஸ்ட் அனுப்பும் எழுத்துத் தொடரைக் குறி குறியாகப் பிரிக்காமல், கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரியும் கொத்துகளாகப் பிரிக்க வேண்டும் என்கிறது ஆவணம். ஆங்கில விசைப்பலகையில் இல்லாத கொத்து வந்தால், விசையை அழுத்தியதாகக் காட்டாமல், உள்ளீட்டுக் கருவி எழுத்தைக் கூட்டித் தருவதுபோல நிகழ்வுகளை எழுப்பச் சொல்கிறது. நாம் போனில் தமிழ் அடிக்கும்போது நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். விசை அழுத்தத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் தேடல் பெட்டிகள் தமிழில் ஏன் விழிக்கின்றன என்பது இதைப் படித்தால் பிடிபடும். குரோம் டிரைவர் நெடுங்காலம் எமோஜிகளை ஏற்க மறுத்து ஒரு பிழைச் செய்தி தந்தது. யூனிகோடின் அடிப்படைத் தளத்துக்குள் இருக்கும் எழுத்துகளை மட்டுமே எடுத்துக்கொள்வேன் என்று. தமிழ் அந்தத் தளத்துக்குள்ளேயே இருப்பதால் தப்பித்தது.

பொறுப்பு கைமாறியதில் ஒரு தலைவலியும் வந்தது. குரோம் சில வாரங்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளும். டிரைவர் பழையதாகவே நிற்கும். திங்கட்கிழமை காலை பைப்லைன் முழுக்கச் சிவப்பு. லாகைத் திறந்தால், இந்த டிரைவர் இன்ன குரோம் வெர்ஷனுக்கு மட்டுமே என்ற ஒற்றை வரி. அப்ளிகேஷனில் ஒரு பக்கும் இருக்காது. 2022 நவம்பரில் வந்த 4.6 வெர்ஷனில் செலினியம் மேனேஜர் சேர்ந்த பிறகு, சரியான டிரைவரை அதுவே இறக்கிக்கொள்கிறது. இவ்வளவு தாமதம் ஏன் என்று கேட்காத டெஸ்டர் இல்லை.

அதைவிடப் பெரிய நோய் ஒன்று இன்னும் தீரவில்லை. ஒரே கோட், ஒரே டெஸ்ட். ஒருமுறை பாஸ், மறுமுறை ஃபெயில். ஃபிளேக்கி என்பார்கள். கூகுள் 2016இல் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே ஓடும் டெஸ்டுகளில் சுமார் 1.5 சதவீத ஓட்டங்கள் இப்படித் தடுமாறின. ஏறக்குறைய 16 சதவீத டெஸ்டுகளில் இந்தக் குணம் ஏதோ ஓர் அளவில் இருந்தது. கூகுளுக்கே இந்த நிலைமை. பிரவுசர் டெஸ்டில் இதற்கு முக்கியக் காரணம் நேரம். பக்கம் சர்வரிடமிருந்து பட்டியலை வாங்கி வரைவதற்குள் டெஸ்ட் அவசரப்பட்டுத் தேடும். அல்லது பட்டனைக் கண்டுபிடித்துக் கையில் வைத்திருக்கும் அந்த நொடியில் பக்கம் அதை அழித்துப் புதிதாக வரைந்திருக்கும். கையில் இருப்பது செத்த பட்டன். இதற்கு ஐந்து விநாடி தூங்கு என்று கோட்டில் எழுதுவது சோம்பேறியின் மருந்து. ஐநூறு டெஸ்டில் ஐந்து ஐந்து விநாடியாகத் தூங்கினால் நாற்பது நிமிடத்துக்கு மேல் தூக்கத்திலேயே போகும். பட்டன் வந்துவிட்டதா, அழுத்தத்தக்க நிலையில் இருக்கிறதா என்று நிபந்தனை வைத்துக் காத்திருக்கும் வசதி செலினியத்தில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதை டெஸ்டர் ஒவ்வொரு இடத்திலும் தானே எழுத வேண்டும்.

செலினியம் இந்தியாவில் செய்த வேலை தனி அத்தியாயம். மெர்குரி கருவியை வீட்டில் வைத்துப் பழக எவராலும் முடியாது. செலினியத்தைப் பழைய லேப்டாப்பில் இறக்கிப் பழகலாம். மேனுவல் டெஸ்டராகச் சேர்ந்து, ஆட்டோமேஷன் தெரியுமா என்ற கேள்விக்குப் பயந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இதன் வழியாகத்தான் ஜாவா கற்றார்கள். சென்னை வேளச்சேரியில் செலினியம் பயிற்சிப் பலகைகளைப் பார்க்காமல் நடக்க முடியாத காலம் இருந்தது. இன்டர்வியூவில் ஃபைண்ட் எலிமென்டுக்கும் ஃபைண்ட் எலிமென்ட்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். பொருள் கிடைக்காவிட்டால் முதலாவது பிழை எறியும், இரண்டாவது காலிப் பட்டியலைத் தரும் என்று மனப்பாடமாகப் பதில் வரும். 2011இல் மும்பையில் ரித்தேஷ் அரோராவும் நகுல் அகர்வாலும் தொடங்கிய பிரவுசர்ஸ்டாக், எல்லா பிரவுசரையும் போனையும் வாடகைக்குத் தரும் தொழிலை இங்கிருந்தே உலகத்துக்கு நடத்துகிறது. செலினியம் மாநாடு 2014இல் பெங்களூருவுக்கு வந்தது.

போட்டியாளர்களை, அவர்கள் நிற்கும் இடத்தை வைத்துப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. சைப்ரஸ் வேடிக்கையானது. அது மறுபடியும் பக்கத்துக்குள் போய், அப்ளிகேஷனுக்குப் பக்கத்திலேயே ஜாவாஸ்கிரிப்டாக உட்கார்ந்துகொண்டது. ஹக்கின்ஸ் தொடங்கிய அதே இடம். அதனால் காத்திருப்பும் பிழைதேடலும் சுகமாக இருந்தன. அதே பழைய பாதுகாப்புச் சுவரிலும் போய் முட்டியது. ஒரே டெஸ்டில் இரண்டு தளங்களுக்குப் போய்வருவது நெடுங்காலம் அதற்குப் பெரும்பாடு. ப்ளேரைட் வேறு வகை. கூகுளில் குரோமை ஓட்டும் பப்பட்டீர் என்ற கருவியை எழுதியவர்கள் மைக்ரோசாஃப்டுக்குப் போய் 2020இல் வெளியிட்டது. பிரவுசரின் பிழைதேடும் வாசல் வழியாக நிரந்தர இணைப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, அங்கே நடப்பதையெல்லாம் உடனுக்குடன் கேட்டுக்கொண்டிருக்கும். அதனால் பட்டன் தயாராகும்வரை தானே காத்திருக்கத் தெரியும். செலினியமோ ஒவ்வொன்றையும் கேள்வி பதிலாகவே நடத்தி வந்தது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இருவழிப் பேச்சுக்கு வழிசெய்யும் வெப்டிரைவர் பைடை என்ற புதிய தரநிர்ணயம் டபிள்யூ3சியில் உருவாகிக்கொண்டிருக்கிறது. பப்பட்டீர் இன்று ஃபயர்ஃபாக்ஸை ஓட்டுவது அதன் வழியாகத்தான்.

ஹக்கின்ஸ் என்ன ஆனார்? வேறு சிலரோடு சேர்ந்து சாஸ் லேப்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பிறகு இன்னும் வெளியே போனார், திரைக்கே வெளியே. ஆங்ரி பேர்ட்ஸ் விளையாடும் ரோபோ ஒன்றைச் செய்து காட்டி, அதிலிருந்து டாப்ஸ்டர் என்ற கருவியை உருவாக்கினார். நிஜ போனின் கண்ணாடியை நிஜமாகவே தொட்டுச் சோதிக்கும் ரோபோ விரல் அது.

புதிதாக ஒரு புராஜெக்ட் தொடங்குகிறீர்கள் என்றால் ப்ளேரைட்டை எடுங்கள்; காத்திருப்புக் கோட் எழுதும் பாதி வேலை மிச்சம். ஆயிரம் செலினியம் டெஸ்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், மாற்றி எழுதச் சொல்லும் மேனேஜரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் தூங்கும் வரிகளையும் ஜாவாஸ்கிரிப்ட் கிளிக்குகளையும் களையுங்கள், பாதி ஃபிளேக்கி அதிலேயே போய்விடும். வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஒன்று. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டும் முன் டபிள்யூ3சி வெப்டிரைவர் ஆவணத்தில் கிளிக் பற்றிய பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். இலவசம்தான், ஒரு மாலைப் பொழுது போதும்.